துப்பாக்கி வூட்டு வழக்கு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அமெரிக்காவைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதிய கட்டுரையின் கடைசிப் பத்தி கலப்படமில்லாத பொய்.

அங்கே நான் இருந்தது மூன்று வாரம். தங்கை வீட்டில் தின்று, தூங்கி, மாப்பிள்ளையின் பொறுமையைச் சோதித்த மூன்று வாரம். அதற்குச் சில நாள் முன்னால்தான் வேறொரு ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்து பிள்ளைகளைச் சுட்டிருந்தார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது. டி.வி.க்காரர்களின் வேகம் எனக்குப் பிடிபடாததால் நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் காய்கறி வாங்கிவிட்டு வரும்போது சிக்னலில் கார் நின்றது. குறுக்கே பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம். கையில் அட்டைகள். ஒரு பெண் ஒலிபெருக்கியில் என்னவோ கத்தினாள். பின் சீட்டிலிருந்த தங்கை மகன் தமிழில் சொன்னான்: “படிக்க வந்த எங்களுக்கு மேசைக்கு அடியில ஒளியப் பழக்குறீங்க, துப்பாக்கி வச்சிருக்கிறவங்களுக்கு என்ன பழக்கினீங்கன்னு கேக்கறா மாமா.” மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும். பச்சை விளக்கு விழுந்தது, வந்துவிட்டோம். என் மடியில் கறிவேப்பிலை இருந்தது.

இந்த நான்கு நிமிடத்தை ஊருக்குத் திரும்பி நான்கு பக்கமாக எழுதினேன். கையெழுத்து வாங்கினார்கள், மனுக் கொடுத்தார்கள், பதினேழு நிமிடம் வெயிலில் மௌனமாக நின்றார்கள் என்றெல்லாம் எழுதினேன். பதினைந்து என்று போட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். பதினேழு என்றால் கடிகாரத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். இவ்வளவு செய்தும் முடிவு சப்பென்று இருந்தது. ஆகவே, பொழுது சாய்கிற நேரத்தில் அந்த ஊர் வேட்டைக்காரர்கள் வரிசையாக வந்து துப்பாக்கிகளை மாணவர்களின் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள் என்று முடித்தேன். அதில் ஒரு கிழவர் அழுதார். கிழவர் நன்றாக வந்திருக்கிறார் என்று பத்திரிகை ஆசிரியரே சொன்னார்.

அந்தக் கிழவரை நம்பி, மூன்று வருஷம் கழித்து, பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. குன்னத்துக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளி. எழுதியவர் தமிழாசிரியர் செல்வமணி. பள்ளி விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் மாலை பட்டிமன்றம், தலைப்பு ‘அமெரிக்கப் பள்ளிகளுக்குத் துப்பாக்கிக் கட்டுப்பாடு தேவையா?’, நகைச்சுவை எழுத்தாளராகிய தாங்களே நடுவராக வர வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வெங்காயம் விளைகிற ஊரில் அமெரிக்காவுக்குத் தீர்ப்பு! ஆனால் நடுவர் வேலை எனக்குப் பிடிக்கும். இரண்டு பக்கத்தையும் பாராட்டி, இதுவும் வேண்டும் அதுவும் வேண்டும் என்று முடித்து, பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம். வருகிறேன் என்று எழுதிப் போட்டேன்.

ஆடி மாதம். கண்டக்டர் என்னை ஒரு பொட்டல் வெளியில் எழுப்பினார்.

“பெரம்பலூரு வந்தாச்சு, எறங்குங்க.”

வெளியே நெடுஞ்சாலையும் ஒரு பஞ்சர் கடையும் தெரிந்தன. “ஊர் எங்கேங்க?”

“உள்ளாற இருக்கு.”

“பஸ் உள்ளே போகும்னு சொன்னீங்களே?”

“போவும்னுதான் சொன்னேன். இந்த பஸ்ஸுன்னு சொல்லலியே. எறங்குங்க சார், பின்னாடி வண்டி நிக்குது.”

ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் வேட்டி என்று நடந்தேன். ஆடிக் காற்றுக்கு எதிராக வேட்டி கட்டிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடப்பவனுக்கு மூன்றாவது கை வேண்டும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டை அடைந்தபோது என் முகத்தில் இருந்த மண்ணை வைத்து ஒரு பாத்தி கட்டியிருக்கலாம்.

பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்தேன். வெங்காயச் சட்னி, வெங்காயச் சாம்பார், வெங்காய ஊத்தப்பம் என்று சர்வர் ஒப்பித்தார். வெங்காயம் இல்லாமல் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் சமையலறைப் பக்கம் திரும்பி யோசித்துவிட்டு, “காப்பி இருக்குங்க” என்றார். ஊத்தப்பம் சாப்பிட்டேன். சென்னையில் வெங்காய ஊத்தப்பம் என்றால் மாவில் வெங்காயம் இருக்கும். இங்கே வெங்காயத்தில் கொஞ்சம் மாவு இருந்தது. இன்னொன்று சொன்னேன்.

கிராமத்துக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஆட்களுக்கு முன்பே மூட்டைகள் இடம் பிடித்திருந்தன. நான் ஒரு வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்து எங்களுக்கு வெள்ளை அடித்துவிட்டுப் போயின. இந்தப் பிரதேசம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்ததாம். எப்போது வற்றியது என்பதில்தான் அறிஞர்களுக்கு வேலை. என் தொண்டையைப் பார்த்தால் அன்று காலையில்தான் வற்றிய மாதிரி இருந்தது.

பக்கத்தில் நின்றவர், “எந்த ஊருங்க? என்னா சோலியா வந்தீங்க?” என்றார். பட்டிமன்றத்துக்கு நடுவராக வந்திருக்கிறேன் என்றேன்.

“அட, துப்பாக்கி வூட்டுக் கேசா! நீங்கதான் தீர்ப்பு சொல்லப் போறவுங்களா?”

பஸ் முழுக்கத் திரும்பியது. ஒரு பெண்மணி தன் மகனை எழுப்பிவிட்டு எனக்கு சீட் கொடுத்தார். முன்னாலிருந்து ஒரு குரல், “பாத்துச் சொல்லுங்கய்யா, நாங்க ரெண்டு பக்கமும் சம்பந்தம் பண்ணியிருக்கோம்” என்றது. அமெரிக்காவோடு இந்த ஊருக்கு எப்போது சம்பந்தம் ஏற்பட்டது என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன்.

செல்வமணி சைக்கிளோடு காத்திருந்தார். ஒல்லியான மனிதர், பயந்த கண்கள். பெட்டியை கேரியரில் வைத்துக்கொண்டு, தள்ளியபடியே விஷயத்தைச் சொன்னார்.

ஊரில் தங்கராசு என்று ஒரு பெரிய விவசாயி. அவர் குடும்பத்துக்கு மட்டும் லைசென்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கி உண்டு. காட்டுப்பன்றி விரட்ட வாங்கியது. அதனால் வீட்டுக்கே ‘துப்பாக்கி வூடு’ என்று பெயர். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் அச்சடிப்பார்கள். பள்ளிக்கூட மைதானம் அவர் அப்பா கொடுத்த மூன்று ஏக்கர். அதற்கு அவர் கேட்டது ஒன்றுதான். வருஷா வருஷம் விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தை எங்கள் வீட்டு ஆள்தான் துப்பாக்கியால் சுட்டு ஆரம்பித்துவைக்க வேண்டும். அன்றிலிருந்து நடந்துவருகிறது. குண்டு கிடையாது. கரிமருந்தும், அதன்மேல் இடித்து இறுக்கிய தேங்காய் நாரும் மட்டும்.

“போன வருசம் மருந்து கொஞ்சம் கூடிப்போச்சுங்க சார். எரிஞ்ச நாரு சாமியானாவுல விழுந்து ஓட்டை. அது பரவால்ல. மொதல் கோட்டுல கலைச்செல்வின்னு ஒரு பொண்ணு நின்னுச்சு. காதுக்கிட்டயே வெடி. மத்ததெல்லாம் ஓடுது, இது மட்டும் காதைப் பொத்திக்கிட்டு அங்கயே ஒக்காந்துருச்சு.”

“இப்போ சரியாயிடுச்சா?”

செல்வமணி குரலைத் தணித்தார். “இடது காது இன்னும் சரியாக் கேக்கலைங்க. வூட்டுல சொல்லல. சொன்னா ஓட விடமாட்டாங்க. எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

அந்தச் சமயத்தில்தான் இந்த மனிதர் என் கட்டுரையை வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறார். கலைச்செல்வி எழுந்து, “சார், அந்த ஊர்ப் புள்ளைங்க செஞ்சத நாம செஞ்சா என்னா?” என்று கேட்டிருக்கிறாள். என் கட்டுரையை வழிகாட்டி நூலாக வைத்துக்கொண்டு வரி வரியாகச் செய்திருக்கிறார்கள். கையெழுத்து வாங்கினார்கள். பதினேழு நிமிடம் வெயிலில் மௌனமாக நின்றார்கள்.

“பத்தாவது நிமிசத்துல ரெண்டு பேரு மயக்கம் போட்டுட்டாங்க சார். ஆனா நீங்க எழுதினபடி பதினேழு முடிச்சுட்டுத்தான் தண்ணி குடுத்தோம்.”



மனுவும் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தபோது ஊர் அரியலூர் மாவட்டத்தில் இருந்தது. மனு மேலே போவதற்குள் அரியலூர் மாவட்டத்தையே கலைத்துப் பழையபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள் (மறுபடி பிரித்தது பிற்பாடு). மாவட்டமே இல்லாதபோது மனுவை யாரிடம் போய்க் கேட்பது? கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, பட்டிமன்றம் வைத்து நடுவர் சொல்கிறபடி கேட்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். தலைமையாசிரியர், பள்ளிக்குள் ஊர்ச் சண்டை கூடாது என்று தலைப்பை அமெரிக்காவுக்கு மாற்றிவிட்டார்.

“கேட்பதுன்னா?” என்றேன்.

செல்வமணி சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். பத்து ரூபாய் முத்திரைப் பத்திரம். அரியலூரில் பத்திரம் எழுதுகிறவரிடம் கொடுத்து எழுதி வாங்கியது. ‘நடுவர் அவர்கள் சொல்லும் தீர்ப்புக்கு இரு தரப்பாரும், இவர்தம் வாரிசுகளும் கட்டுப்படுவதாக இதனால் உறுதி கூறுகிறோம்.’ கீழே தங்கராசு கையெழுத்து. பக்கத்தில் மாணவர்கள் சார்பில் கலைச்செல்வி. சாட்சிகள் இருவர். ஆயிரம் பட்டிமன்றம் நடக்கிற நாட்டில் தீர்ப்பை நிறைவேற்ற வேண்டும் என்று நினைத்த ஊர் இது ஒன்றுதான்.

“தீர்ப்பு துப்பாக்கிப் பக்கம் போனா?”

“நாளன்னைக்குக் காலையில வேட்டுப் போடுவாரு. வேட்டுப் போட்டா ஓடமாட்டோம்னு புள்ளைங்க சத்தியம் பண்ணியிருக்கு. நானூறு மீட்டர்ல மொதல்ல வர்றவங்கதான் வட்டாரப் போட்டிக்குப் போவ முடியும் சார். கலைச்செல்வி பன்னெண்டாவது. அதுக்கு இதான் கடைசி வருசம்.”

பள்ளி வாசலிலேயே அந்தப் பெண் நின்றிருந்தாள். ஒடிசலான, உயரமான பெண். எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைச் சடை. வணக்கம் சொல்லிவிட்டு, சுற்றி வந்து என் இடப்பக்கம் நின்றுகொண்டாள். வலது காது என் பக்கம் இருக்க வேண்டும் என்பது எனக்கு இரண்டு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது.

“சார், ஒண்ணு கேக்கணும். அந்தக் கிழவரு துப்பாக்கிய வச்சுட்டு அழுதாருல்ல, அவருக்கிட்ட அந்தப் புள்ளைங்க என்னா சொன்னாங்க? நீங்க அத எழுதல.”

“அது வந்தும்மா...” என்றேன். “கூட்டம் அதிகம். சரியாக் கேக்கல.”

“பரவால்ல சார். எங்க பெரியப்பா அழமாட்டாரு. ஆனா குடுத்துருவாரு” என்றாள். தங்கராசு அவளுக்கு ஒன்றுவிட்ட பெரியப்பாவாம்.

அன்று மாலைச் சாப்பாடு துப்பாக்கி வூட்டில். நடுவருக்கு வேறெங்கே இலை போட முடியும் என்று கேட்டார்கள். தங்கராசு அறுபது வயது ஆள், வெள்ளை மீசை, கணுக்காலுக்கு மேல் கட்டிய வேட்டி. சிங்கப்பூரில் இரண்டு மகன்கள். நாட்டுக்கோழிக் குழம்பை அவரே ஊற்றினார். ஊற்றும்போது வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரில் துப்பாக்கி மாட்டியிருந்தது. நான் அதைப் பார்க்காமல் சாப்பிட முயன்றேன். கோழியின் ஒவ்வொரு துண்டும் அதைப் பார்த்தபடியே உள்ளே போனது.

திரும்பி வந்தால், நான் தங்கிய அறை வாசலில் ஒரு தூக்குவாளி நிறைய வேகவைத்த வேர்க்கடலை. “எதிர்த் தரப்பு அனுப்புனது” என்றார் செல்வமணி. நீதி கோணக்கூடாது என்பதற்காக அதையும் முழுக்கச் சாப்பிட்டேன். மறுநாள் காலை என் வயிறு இரு தரப்பு வாதத்தையும் கேட்டுக்கொண்டிருந்தது.

பட்டிமன்றம் ஐந்து மணிக்கு. ஊரே மைதானத்தில். மேடையில் இடப்பக்கம் துப்பாக்கி வேண்டும் என்கிற அணி, தலைவர் பி.டி. மாஸ்டர். வலப்பக்கம் வேண்டாம் என்கிற அணி, கலைச்செல்வி. முன் வரிசையில் தங்கராசு, மடியில் துப்பாக்கி. கட்டுப்பாடு வந்துவிட்டால் ஒப்படைக்கத் தயாராகக் கொண்டுவந்தாரா, வராவிட்டால் மறுநாளைக்குத் தயாராகக் கொண்டுவந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. எதற்கும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

தலைமையாசிரியர் எழுந்து, எல்லோரும் அமெரிக்காவைப் பற்றி மட்டுமே பேச வேண்டும் என்று எச்சரித்தார். பேசினார்கள்.

பி.டி. மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். “அமெரிக்காவுல ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய மனுசன் மூணு ஏக்கரா எழுதி வச்சாரு. அமெரிக்காவுல யாரு இந்தக் காலத்துல மூணு ஏக்கரா தருவா? அதுவும் கெணத்துக்குப் பக்கத்துல!”

கூட்டம் தங்கராசைப் பார்த்துக் கைதட்டியது.

கலைச்செல்வி அணியில் ஒரு பையன் எழுந்தான். “அமெரிக்காவுல போன வருசம் சாமியானா எரிஞ்சுதே, அதுக்குக் காசு குடுத்தது யாரு?”

“அமெரிக்காவுல சாமியானா வாடகைக்கு எடுத்தவரு மாஸ்டரோட மச்சான்!” என்று கூட்டத்திலிருந்து பதில் வந்தது.

“யோவ், அமெரிக்காவ ஒழுங்காப் பேசுய்யா!” என்று மச்சான் எழுந்தார். அவரை உட்கார வைத்தார்கள்.

கலைச்செல்வியின் முறை. கத்தவில்லை. “ஓடப்போற புள்ளைங்களுக்கு ஆரம்பிக்க ஒரு சத்தம் போதும். அது ஏன் சுடுற சத்தமா இருக்கணும்? அமெரிக்காவுல நடந்தத நான் சொல்லல. நம்ம நடுவர் சார் கண்ணால பாத்தத எழுதியிருக்காங்க. புள்ளைங்க கேட்டப்ப, பெரியவங்க தானா வந்து துப்பாக்கியக் காலடியில வச்சாங்க. ஒரு தாத்தா அழுதாரு. கேட்டா குடுப்பாங்கன்னு அதப் படிச்சுத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.”

என் காதிலிருந்து வேர்த்தது. காதில் வேர்க்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

என் முறை வந்தது. பழைய வித்தையைக் காட்டினேன். துப்பாக்கி பாரம்பரியம், கட்டுப்பாடு நாகரிகம், ஆகவே அமெரிக்காவுக்கு இரண்டும் இரண்டு கண்கள் என்று முடித்து, பொன்னாடை வருகிறதா என்று பார்த்தேன். ஒருவரும் கைதட்டவில்லை.

பின் வரிசையில் ஒருவர் எழுந்தார். “அய்யா, ரெண்டு கண்ணுன்னீங்க. சரி. நாளைக்குக் காலையில எட்டரைக்குச் சுடணுமா, வேணாமா?”

“பத்திரத்துல எழுதியிருக்குங்க” என்றார் ஒரு சாட்சி.

தங்கராசு மெல்ல எழுந்தார். “அய்யாவ நெருக்காதீங்கடா. நான் ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தக் கிழவரு அழுதாருன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு ராத்திரியா அதான் யோசனை. எதுக்குங்க அழுதாரு? துப்பாக்கி போவுதேன்னா, இத்தினி நாளு வச்சிருந்தோமேன்னா?”

இப்படி ஒரு கேள்வியை எந்த விமர்சகனும் என்னிடம் கேட்டதில்லை. அந்த மனிதர் உண்மையிலேயே பதில் எதிர்பார்த்து நின்றார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், தொழில் அதுதான்.

“அப்படி ஒரு கிழவரே இல்லைங்க” என்றேன். மைக் அதைச் சுத்தமாக எடுத்துக் கொடுத்தது. “யாரும் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுக்கல. பிள்ளைங்க ஊர்வலம் போனாங்க. நான் காருக்குள்ளிருந்து நாலு நிமிஷம் பார்த்தேன். மிச்சம் நானா எழுதினது.”

“பதினேழு நிமிசம்?” என்றார் செல்வமணி. அது கேள்வியைவிட முனகல் மாதிரி இருந்தது.

“அதுவும்தான்.”

“சாட்சி பொரண்டுருச்சு!” என்று பி.டி. மாஸ்டர் குதித்தார். மயக்கம் போட்ட இருவரின் அம்மாக்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. மேடையின் பின்புறம் இறங்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன். அங்கே ஒரு எருமை கட்டியிருந்தது.

கலைச்செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அடுக்கி வைத்த ஒன்று அவள் முகத்தில் சரிவது தெரிந்தது. பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

“அவங்க குடுக்கலேன்னா என்னாங்க சார்? அவங்க கேட்டது நெசந்தானே?”

“நிஜம். அதை நான் பார்த்தேன்.”

“அது போதும். நாங்களும் கேக்கறோம்.”

தங்கராசு துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் அமெரிக்காவை விட்டுவிட்டார். “ஏம்மா, உனக்குத் தெரியாததா? இடங்குடுத்தவங்க எல்லாம் கல்வெட்டுல பேரு போட்டுக்குவாங்க. எங்கப்பாரு வேணாம்னாரு. கல்வெட்டுன்னா படிக்கத் தெரிஞ்சவன்தான் படிப்பான், வேட்டுன்னா எல்லாருக்கும் கேக்கும்னாரு.”

“எனக்குக் கேக்கல பெரியப்பா.”

“என்னாது?”

“இந்தக் காது. போன வருசத்துலேருந்து கேக்கல. உள்ள ஙொய்யுனு ஒரு சத்தம். வூட்டுல சொன்னா ஓட்டத்துக்கு விடமாட்டாங்கன்னு சொல்லல.”

கூட்டத்தில் அவள் அம்மா “அடிப்பாவி” என்று எழுந்தாள். தங்கராசு கையில் இருந்த துப்பாக்கியைத் தரையில் கிடத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். “தீர்ப்பச் சொல்லுங்க.”

“நாளைக்குத் துப்பாக்கி வேண்டாம். அடுத்த வருஷமும் வேண்டாம்” என்றேன். என் வாழ்க்கையில் ‘ஆனால்’ இல்லாமல் நான் சொன்ன ஒரே தீர்ப்பு அது.

“சரி. கையெழுத்துப் போட்டாச்சு, கட்டுப்படறேன்” என்றார் அவர். “வேட்ட நிறுத்துனது நீங்க. அப்ப நாளைக்கு ஓட்டத்த நீங்களே ஆரம்பிச்சு வச்சுட்டுப் போங்க.”

மறுநாள் காலை எட்டரைக்குக் கையில் பச்சைக் கொடியோடு கோட்டருகே நின்றேன். கலைச்செல்விக்கு மறுபடியும் முதல் கோடுதான் விழுந்திருந்தது. அவள் அம்மா கயிற்றுக்கு வெளியே, மகளை ஓடவிட்டது தப்போ என்கிற முகத்தோடு நின்றாள். இரவெல்லாம் அழுது, கெஞ்சி, பட்டினி கிடந்து, பந்தயம் முடிந்ததும் திருச்சி ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சத்தியம் செய்து வாங்கிய அனுமதி.

கொடியைத் தூக்கினேன். ஆடிக் காற்று அதை என் முகத்தில் சுற்றியது. எடுப்பதற்காக இழுத்தேன். எட்டுப் பெண்களும் ஓடிவிட்டார்கள். திரும்ப அழைத்து வந்தார்கள். இரண்டாவது முறை மண் மூக்கில் ஏறி ஒரு தும்மல் போட்டேன், அதற்கும் ஓடினார்கள். “தும்மலுக்கு ஒரு தரம், கொடிக்கு ஒரு தரம்னு ரெண்டு பந்தயம் வச்சுரலாம்” என்று மாஸ்டரின் மச்சான் சொன்னார். “வேட்டா இருந்தா இந்நேரம் பரிசு குடுத்திருப்போம்” என்றது இன்னொரு குரல்.

மூன்றாவது முறை கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கலைச்செல்வி தலையைச் சாய்க்கவில்லை, காதைத் திருப்பவில்லை. கொடியை மட்டும் பார்த்தாள். இறக்கினேன். எதிரே நாற்காலியில் இருந்த தங்கராசின் வலது தோள், வெடித்தால் பின்னால் உதைக்குமே, அப்படி ஒரு முறை தானாக அசைந்தது. அதற்குள் அவள் வளைவில் இருந்தாள். கடைசி நூறு மீட்டரில் இரண்டாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு வெங்காய லாரியை நிறுத்தியிருக்கலாம்.

பரிசைத் தங்கராசு கொடுத்தார். கொடுக்கும்போது அவளுடைய வலது பக்கமாகச் சுற்றிப் போய் நின்று ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். எனக்குக் கேட்கவில்லை. இந்த முறை அதை நானாக எழுதப் போவதில்லை.

அரியலூரில் மத்தியான ரயில். டவுன் பஸ் வழியில் பழுதாகிவிட்டது என்று செய்தி வந்தது. செல்வமணி கையைப் பிசைந்தார். தங்கராசு தன் மொபெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். “ஏறுங்க. வூட்டுக்கு வந்த விருந்தாளி, நானே கொண்டாந்து விடறேன்.” தோற்றவருக்குப் பின்னால், அவர் வயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மடியில் அவர் வீட்டு வெங்காயம் ஐந்து கிலோவோடு, சிமென்ட் லாரிகளுக்கு நடுவே போனேன். வழியில் அவர் ஒரே ஒரு முறை, “புள்ள ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்” என்றார்.

ஸ்டேஷனில் என்னோடு பிளாட்பாரம் வரைக்கும் வந்தார். ரயில் வருகிற சத்தம் கேட்டது. ஏதோ சொல்லத் தயங்குகிற மாதிரி இருந்தது. மன்னிப்பாக இருக்கும், நன்றியாக இருக்கும் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“அய்யா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க தீர்ப்பு சொன்னதெல்லாம் சரிதான்” என்றார் தங்கராசு. “ஆனா நோட்டீசுல ‘வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பவர்’னு ஒருத்தரப் போட்டிருந்தாங்க. ஊருல எல்லாரும் கேக்கறாங்க. அவரு ஏங்க கடைசி வரைக்கும் வரல?”